புகைக் குழாயில் காட்டிய அழுத்தம்

தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் மெக்கானிக். கொழுந்து லொறி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றார் டிரைவர் ராசு அண்ணன். டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்று போதவில்லை என நினைத்து, அதன் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

மறுநாள் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிப்போன லொறி பாதி ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு மண்மேட்டில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. தோட்டத்தை நடத்தும் துரை, வண்டியை ஓட்டிய ராசு அண்ணனைத்தான் ஏசினார். பூஸ்டைக் கூட்டியதை நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் ருவான்வெல்லையிலிருந்து வந்த சிங்கள மெக்கானிக், டர்போவுக்கு முன்னால் புகைக் குழாயில் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றைப் பொருத்தினார். பூஸ்டைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் காட்டியது. சைலன்சர் கரியால் அடைத்திருந்தது.

"உள்ளுக்குக் காத்தைக் கூட்டி என்ன செய்ய? புகை வெளிய போக வழியில்லையே," என்றார்.

துரையிடம் போய், "தப்பு என்னோடதுங்க," என்றேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் பக்கத்தில் நின்ற ராசு அண்ணன்.

சைலன்சரை மாற்றியதும் லொறி இலகுவாக ஏறியது. ராசு அண்ணன் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத்தான் பல நாள் எடுத்தது.