கறுப்புத் திரை

போர்க்காலம். கண்டி அம்பிட்டியவில் நஸீரும் நானும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். என் கணினியில் லினக்ஸ். திரையில் திறக்கும் ஜன்னல்கள் ஜெலி போல ஆடும் ஓர் அலங்காரத்தை அன்று அதில் நிறுவினேன். மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும் மட்டுமே வந்தன. அதோடு மல்லுக்கட்டியபோதுதான் இராணுவம் வீட்டைச் சோதிக்க வந்தது.

ஒரு சிப்பாய் திரையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"யாருக்கு மெசேஜ் அனுப்புறன்னு கேக்குறாரு," என்றான் நஸீர்.

"பழுதாப் போச்சுது எண்டு சொல்லடா."

அலங்காரத்தை அழிப்பதற்காகக் கடவுச்சொல்லைத் தட்டினேன். அந்தக் கறுப்புத் திரையில் அது தெரியாது. ஒரு புள்ளிகூட விழாது. சிப்பாய் குனிந்து பார்த்தார். அவருடைய அடுத்த கேள்வி எனக்கே விளங்கியது: ஏன் மறைக்கிறாய்?

என் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது. பிறந்த இடம், யாழ்ப்பாணம். வாசலில் ட்ரக் நின்றது. கடவுச்சொல்லை இரண்டு முறை பிழையாகத் தட்டினேன்.

நஸீர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, சிப்பாய் சிரித்துவிட்டார். அதற்குள் அலங்காரத்தை அழித்தேன். பழைய நீலத் திரை வந்தது. அட்டையைத் தந்துவிட்டுப் போனார்.

"என்னடா சொன்னனீ?"

"கம்ப்யூட்டருக்கு மேக்கப் போடப்போய் மூஞ்சியே இல்லாமப் போச்சுன்னேன். இனி அதுல கை வெச்சா நானே ஒன்னப் புடிச்சிக் குடுப்பேன்."

அதன்பின் நான் திரையின் நிறத்தைக்கூட மாற்றியதில்லை. ஆனாலும் கடவுச்சொல் தட்டும்போது, தனியாக இருக்கும் அறையிலும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.