கோல் போஸ்டில் நின்ற முதலாளி

கால்பந்துப் பயிற்சியாளர் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: அணி ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்தார்கள், தோற்றால் நாம் ஒருவரே தோற்றோம். வேலை கேட்டு அலைந்து, 'சொல்லி அனுப்புறோம்' என்ற பதிலைக் கேட்டுக் காது புளித்துப்போன அன்பர்களே, என் கதை உங்களுக்குப் புரியும்.

சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கு முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தேன். முழங்கால் போயிற்று, கம்பெனி கைகுலுக்கி அனுப்பிவிட்டது. விருத்தாசலத்துக்குத் திரும்பிவந்த எனக்கு, பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. என் மனைவி பிலோமினா பொங்கல் வரை கெடு கொடுத்தாள். அதற்குள் ஏதாவது ஒரு அணி என்னைக் கோச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவள் அண்ணன் அமல்ராஜின் கடையில் வெஸ்டர்ன் டாய்லெட் விற்கப் போக வேண்டும். செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. கிளப்புக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று ஒரு போன் வாங்கி வைத்தேன். மச்சான் மட்டும்தான் கூப்பிட்டார். "கடையில ஒங்க சேரு சும்மாதான் இருக்குது மாப்ள."

பெண்ணாடத்தில் ஒரு தேர்வு

கரும்பு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் அணி. தலைவர் டிராக்டரை விட்டு இறங்காமலே விசாரித்தார். ஆட்களை எப்படி நிறுத்துவேன், எப்படிப் பழக்குவேன் என்றெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. மைதானத்தின் நடுவிலிருந்து ஒரு கோல் போடச் சொன்னார்.

வேலை வேண்டுமே, வீராவேசமாக ஓடிப்போய் உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் போய் விழுந்தேன். தலைவர் நல்ல மனிதர், சோடா வாங்கிவரச் சொன்னார். நான் குடித்து முடித்ததும் வண்டியைக் கிளப்பினார். "எங்க ஆளுங்களும் நல்லாதான் வுழுறானுங்க சார். அதுக்குத் தனியா ஒரு கோச்சு எதுக்குங்க?"

திருவிழா வரி

அடுத்து எங்கள் பங்குக் கோயில் அணி. ஞானஸ்நானத்திலிருந்து என்னைத் தெரிந்த இடம், தட்டாது என்று நினைத்தேன். ஃபாதர் காப்பி கொடுத்து, அணி தயாராக இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். ஒருவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பந்தே தெரியாது. அண்ணன் தம்பி இருவர், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள், ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளுவதே இல்லை. திருவிழா வரி கொடுக்கும் குடும்பத்துக்கு ஒரு ஆள் என்பதுதான் அங்கே தேர்வு முறையாம்.

நாலைந்து பேரை மாற்றலாம் என்று மெதுவாகச் சொன்னேன். சம்பளத்தைப் பற்றியும் கேட்டேன். அது பரலோகத்தில் கிடைக்கும் என்கிற மாதிரி ஃபாதர் மேலே பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த ஆளுங்கள எடுத்துட்டா அவங்க வூட்டுல ஒருத்தரும் பூசைக்கி வரமாட்டாங்க. நீங்க தோத்துட்டு வாங்க, பாவமன்னிப்பு நான் குடுத்துடுறேன்."

சூளை எரியும் நாள்

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது குணசேகரன் கிடைத்தார். பீங்கான் பொம்மைகள் செய்யும் கம்பெனி அவருடையது, அணியும் அவருடையது. ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம் வேலை செய்பவர்கள், நல்ல ஆட்டக்காரர்கள். நல்லூர் அணியை ஜெயித்துக் காட்டினால் அன்றே வேலை, மாதச் சம்பளம் என்றார். பரபரப்பில் நல்லூர்க்காரர்களோடு பேசி, வருகிற ஞாயிறு என்று நானே நாள் குறித்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள்கூட முதலில் பொம்மை சுடும் சூளைக்கு எப்போது தீ வைக்கிறார்கள் என்று கேட்பார்கள். பல வருஷம் வெளியூரில் இருந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. கோல்கீப்பர் முருகேசன்தான் சூளைக்குத் தீ போடுகிறவர். சனிக்கிழமை தீ வைத்தாயிற்று, ஞாயிறு முழுக்க எரிய வேண்டும். நடுவில் விட்டுப் போனால் உள்ளே இருக்கும் பொம்மை அத்தனையும் பாழ். ஆட்டத்தைத் தள்ளிப்போடலாமா என்று முதலாளியிடம் கேட்கப் போனேன். அவர் சிரித்தார். "தள்ளிப்போட வாணாம். கோலுக்கு நான் நிக்கிறேன்."

இடைவேளை

குணசேகரன் புது பனியன், புது கையுறையோடு நின்றார். நல்லூர்க்காரர்கள் உதைத்த முதல் பந்தை மரியாதையாக வழிவிட்டு உள்ளே அனுப்பினார். இரண்டாவது பந்து போனபோது அவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். சம்பளம் கொடுக்கிறவரை எவன் திட்டுவான்?

இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெயித்தால்தான் வேலை, இவர் நின்றால் ஜெயிக்க முடியாது, இவரை எடுத்தால் வேலை இருக்குமா? ஆனால் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த அந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "சார், நீங்க உக்காருங்க" என்று கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டு நானே போய் நின்றேன். கீப்பருக்கு ஓட வேண்டிய வேலை இல்லை, கையை நீட்டினால் போதும். எங்கள் ஆட்கள் முதலாளி மேலிருந்த கோபத்தையெல்லாம் பந்தின்மேல் காட்டி மூன்று கோல் போட்டு ஜெயித்தார்கள். வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குணசேகரன் வந்து கைகொடுத்தார். "ஆட்டம் நல்லாதான் இருந்துச்சு. ஆனா என் ஆளுங்க முன்னாடி என்ன உக்கார வெச்சிட்டீங்களே, நாளைக்கி எவன் சார் என் பேச்ச கேப்பான்?"

மச்சான் கடை

பொங்கல் முடிந்து கடைக்குப் போனேன். பந்தைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து போய்விடலாம்போல இருந்தது. ஒரு நாள் முருகேசன் வந்தார். டாய்லெட் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து விலை சொல்ல ஆரம்பித்தேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எங்க மொதலாளி செவ்வாக்கெழம ஆனா சேலம் போயிடுவாருங்க. பசங்க எல்லாரும் கிரவுண்டுல நிப்போம், வந்து சொல்லிக் குடுங்க."

ஆகவே அன்பர்களே, தேடிய வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. அதற்குண்டான சம்பளத்தைத்தான், டாய்லெட் விற்று நானே எனக்குக் கொடுத்துக்கொள்கிறேன்.