கிழியாத புத்தகம்

போன புதன்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

செல்வி, திருவானைக்காவல் கடைத்தெருவில் பூ விற்கிறவள். எனக்கு வாடிக்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மகள் யாழினியை எப்படியாவது டீச்சராக்கிவிட வேண்டும் என்பாள். யாழினிக்கு ஒன்றரை வயது ஊசி போட வேண்டியிருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் பிள்ளையோடு தடுமாறுவாளே என்று என் ஸ்கூட்டரில் இருவரையும் டவுனில் உள்ள ஒரு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருக்கும் குழந்தை டாக்டரம்மா ஒரு நல்ல காரியம் செய்கிறார். ஒன்பதாம் மாத ஊசிக்கு வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படப் புத்தகம். மடியில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டிப் பேசினால் பிள்ளைக்குப் பேச்சு வரும், பின்னால் படிப்பும் வரும் என்பது அவர் எண்ணம். அதை எடுத்துக் கொடுப்பது மட்டும் சிஸ்டரின் வேலை.

"பாப்பா என்னென்ன பேசுறா?" என்று கேட்டார் டாக்டர்.

"அம்மான்னுவா... வேற பெருசா ஒண்ணும் இல்லீங்க."

"புக் காட்டுறீங்களா?"

செல்வியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை! பையிலிருந்து ஊசி அட்டையோடு ஒரு பாலிதீன் கவரை எடுத்தாள். உள்ளே புத்தகம், கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியது போல.

"சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேங்க. ஒரு கசங்கல் கிடையாது, பாருங்க."

ஒன்பது மாதமாகப் பிள்ளை அதைத் தொடவே இல்லை!

"ஏன் செல்வி?" என்றேன்.

"புக்கு குடுத்த அன்னிக்கு, ஊசி அட்டை நனைஞ்சதுக்கே சிஸ்டர் எல்லார் முன்னாடியும் திட்டினாங்கக்கா. புக்கு கிழிஞ்சா அடுத்த ஊசி போட மாட்டோம்னாங்க. பாப்பா எட்டி எட்டி எடுக்க வந்துச்சு. கையில ரெண்டு போட்டேன். அப்புறம் வரல."

சிஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் டாக்டரிடம் சொன்னார்: "இவங்ககிட்ட மிரட்டித்தான் கொடுக்கணும் மேடம். இல்லேன்னா ஒரே வாரத்துல கிழிச்சுப் போட்டுடுவாங்க."

இவங்க... அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மென்ட்டில் புத்தகத்தைக் கிழிக்காத குழந்தை எது? என் மகன் அந்த வயதில் ஒரு யானையின் தும்பிக்கையை மென்று தின்றே விட்டான். யாராவது திட்டினோமா? போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம் — பிள்ளைக்கு இப்போதே புத்தகத்தில் என்ன ஆசை பாருங்கள் என்று! நம் வீட்டுப் பிள்ளை கடித்தால் ஆர்வம். பூக்காரி பிள்ளை கடித்தால் நாசம். இது என்ன நியாயம்? ஊசியைக் காட்டி ஒரு தாயை மிரட்டுவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "கிழியட்டும்மா. வேற புக் தரேன். ஊசி எப்ப வந்தாலும் போடுவோம்" என்று செல்வியிடம் சொன்னார். சிஸ்டர் பக்கம் திரும்பி, "இனிமே புக்கை நானே கொடுத்துக்கிறேன்" என்றார்.

பிறகு கவரைப் பிரித்து, புத்தகத்தை விரித்து யாழினியின் மடியில் வைத்தார். "எடுத்துக்கோ கண்ணு."

யாழினி படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுக்க நமக்கு ஒன்பதே மாதம் போதுமாக இருந்திருக்கிறது!