மண்ணுக்குள் வைத்தல்

பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்று கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. உடனே அகராதியைத் திறந்து வேரைத் தேடிப் போவேன். போன தவணை கம்பஸில் அப்படி அகப்பட்டதுதான் ‘இன்ஹியூம்’. இன்றைக்கு யாரும் பேச்சில் சொல்வதில்லை. புதைத்தல் என்று பொருள். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஹுமுஸ்’ என்றால் மண். மண்ணுக்குள் வைத்தல், அவ்வளவுதான்! தாழ்மையைச் சொல்லும் ‘ஹம்பிள்’ முளைத்ததும் அதே மண்ணில். மனிதனைச் சொல்லும் ‘ஹியூமன்’கூட அதற்குச் சொந்தம் என்கிறார்கள்.

குருநகர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அவர் குசினிக்குள் சூடைமீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மனுசனைச் சொல்லுற இங்கிலீசுச் சொல்லே மண்ணிலையிருந்துதானம்மா வந்தது!”

“உதைப் படிக்கவோ கம்பசுக்குப் போனனீ? சாம்பல் புதனிலை சுவாமியார் நெத்தியிலை சாம்பல் பூசி ‘மனுசனே, நீ மண்ணாயிருக்கிறாய்’ எண்டு சொல்லுறது உதைத்தானே.”

சிரித்தார். பிறகு கத்தி நின்றது.

“அப்ப, கடலோடை போன பிள்ளைக்கு உந்தச் சொல் சரிவராது, என்ன?”

முந்தின வருட மாரியில் அண்ணையின் படகு மட்டும்தான் கரைக்கு வந்தது. எங்கள் ஊரில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் வீட்டார்தான் முதலில் மண் போடுவார்கள். அண்ணைக்குப் பெட்டியும் இல்லை, குழியும் இல்லை; அம்மா மண் போடவில்லை. போடாதவரை அவருக்கு அண்ணை செத்தவன் இல்லை. அவனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக்கூட எங்களை விடவில்லை. இப்படியே காத்துக் காத்து அவரும் தேய்ந்துபோய்விடுவார் என்று எனக்குப் பயம். இந்த வருடமாவது அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பரில், ஆத்துமாக்களின் நாளன்று, கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லறைகள் எல்லாம் பூவும் வெளிச்சமுமாய் இருந்தன. கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய குருசின் கீழ்தான் கொளுத்துவார்கள். புருசனைக் கடலுக்குப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு மாமி அங்கே நின்றார். எங்களைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

“வாங்கோ மச்சாள், இதிலை காத்துப் படாது. திரி நூராது.”

நான் நெருப்புப்பெட்டியை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. குனிந்து, குருசடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளினார். போடப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எங்கையடி போடுறது?”

மாமி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா அழவில்லை. கையைப் பொத்தியபடியே வாசலை நோக்கி நடந்தார். வீடு வந்து சேரும்வரை விரல்களை விரிக்கவேயில்லை.