நிலவறையில் சைரன் வழிதவறிய கதை

"நான் யாருகிட்டயும் வழி கேட்டதா சரித்திரமே கிடையாது. கண்ணக் கட்டிப் பாதாளத்துல இறக்கிவிடு, ஒரு திருப்பம் தப்பாம மேல வந்து நிப்பேன்!"

இந்தப் பிரகடனத்தை அவர் ஆம்புலன்ஸ் கொட்டகையில், தேநீர் ஆறும் நேரமெல்லாம் வெளியிட்டுக்கொண்டிருந்தார். வண்டியின் சத்தத்தைவிட ஓட்டுநரின் சத்தம் அதிகம் என்று சகாக்கள் அவருக்கு 'சைரன்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அவர் அதையும் பதக்கமாகவே அணிந்துகொண்டார்.

பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஊரின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதைவிடப் பெரிய ஆதாரம், அவருடைய பழைய ஜப்பானிய வீடியோ கேம். அதில் ஏழு தளத்துக்குக் கீழே போகும் நிலவறை ஒன்று உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சாம்பல் சுவர். சில இடங்களில் சுழல்கல் வேறு: காலை வைத்தால் ஆளை ஓசைப்படாமல் வேறு திசைக்குத் திருப்பிவிடும், திரையிலோ அதே சுவர். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் கட்டம் போட்ட தாளில் படம் வரைந்துகொண்டுதான் உள்ளே போனார்கள். சைரன் வெறும் கையோடு போய், கடைசித் தளத்து அரக்கனை வதம் செய்து, அதே வழியில் திரும்பியவர். இத்தனைக்கும் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. திரையில் வரும் கட்டளைப் பட்டியலில் முதல் வரி வெட்டு, மூன்றாவது மருந்து, நான்காவது ஓட்டம் என்று அவருடைய கட்டைவிரல்தான் அந்த மொழியைக் கற்றிருந்தது.

இப்படிப்பட்டவர் போன வாரம் வண்டிக்குள் மூச்சுத் திணறும் ஒரு அம்மாளை வைத்துக்கொண்டு, தினமும் போகும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், ஒரு கிடங்கின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ரோட்ட மாத்திட்டானுங்க" என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் ரோட்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். சைரனுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதற்கு முன்பும் இரண்டொரு முறை இப்படி நடந்ததும், அப்போதெல்லாம் வண்டி காலியாக இருந்ததும் அவருக்கு மட்டுமே தெரியும்.

மருத்துவரிடம் போவது கோழைகளின் வேலை. ஆகவே அவர் தன்னைத் தானே பரிசோதிக்க ஓர் அறிவியல் முறையைக் கண்டுபிடித்தார். விடுமுறை நாளில் நிலவறைக்குள் இறங்குவது. வழி தவறாமல் கடைசித் தளம் வரை போய்விட்டால் மூளைக்கு ஒன்றும் இல்லை, வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம். தவறினால்... அந்த 'னால்'-ஐ அவர் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியம் வராது என்பதே அவருடைய நிலைப்பாடு.

மதியச் சாப்பாடு முடிந்ததும் படையெடுப்பு தொடங்கியது. திரையில் ஓடும் படையில் நால்வர், அவர்களுக்கு வீட்டார் பெயரையே சூட்டியிருந்தார்: போர்வீரன் அவரேதான், மருந்து கொடுக்கும் பூசாரிப் பெண் அவர் மனைவி, திருடன் மைத்துனன், மந்திரவாதிக்கு மட்டும் குடும்பத்தில் ஆள் கிடைக்கவில்லை. முதல் தளம் வெண்ணெயில் கத்தி. இரண்டாம் தளத்தில் எலும்புக்கூடுகள் வழிவிட்டு நின்றன. மூன்றாம் தளத்தில், தலை உடைந்த ஒரு சிலையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் தலை உடைந்த சிலை ஒன்று வந்தது. வலப்பக்கம் திரும்பினார். மறுபடியும் அதே சிலை.

பின்னாலிருந்து மைத்துனனின் குரல் கேட்டது. வீட்டு வரைபடம் வரைந்து பிழைக்கும் அந்த மனிதன் எப்போது வந்து நின்றான் என்றே தெரியவில்லை.

"என்ன மாமா, அந்தச் சிலை உங்களுக்கு ஒண்ணுவிட்ட சொந்தமா? சுத்திச் சுத்தி அங்கயே போறீங்க?"

"வாய மூடு மாப்ள. வேணும்னுதான் வந்தேன்."

"எதுக்கு?"

"நலம் விசாரிக்க."

அந்த நேரம் பார்த்து வௌவால் கூட்டம் ஒன்று பாய்ந்தது. பூசாரிப் பெண்ணுக்குப் பலத்த அடி. மருந்து கொடுக்க வேண்டும். கட்டைவிரல் வரிகளின் மேல் ஏறியது, இறங்கியது. எந்த வரி? ஜப்பானிய எழுத்துகள் அவரை அந்நியனைப் போலப் பார்த்தன. ஏதோ ஒன்றை அமுக்கினார். நால்வரும் தப்பி ஓட முயன்று, கால் தடுக்கி, அடுத்த கடியில் பூசாரிப் பெண் சாய்ந்தாள்.

"போச்சு! அக்கா அவுட்டு!"

சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். "யாருடா அவுட்டு?"

"நீதான்க்கா. மாமா மருந்து குடுக்காம விட்டுட்டார்."

"குடுத்திருந்தாத்தான் அதிசயம்!"

அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். சைரன் சிரிக்கவில்லை. திரையில் அவள் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கல்லறை இருந்தது. அவர் கண்ணுக்கு அது கிடங்கின் பூட்டிய கதவாகத் தெரிந்தது.

"இந்தத் தளத்துக்கு எங்கிட்ட படம் இருக்கு மாமா. சுழல்கல் எங்கெங்கன்னு குறிச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டு வரட்டா?" மைத்துனன் குரலில் இப்போது கேலி இல்லை.

"வேணாம்." விளையாட்டுப் பெட்டியை அணைத்தார். "படம் வச்சுக்கிட்டுப் போனா பரிட்சையில காப்பி அடிச்ச மாதிரி."

"எந்தப் பரிட்ச?"

அவர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனவர், வண்டிச் சாவியை மேற்பார்வையாளரின் மேஜையில் வைத்தார். "இன்னிக்கு வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க" என்றார். மேற்பார்வையாளர் காரணம் கேட்பதற்குள் வெளியே வந்துவிட்டார். அப்படியே நடந்து, தான் ஆயிரம் நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்கிய அதே ஆஸ்பத்திரிக்கு, முன்வாசல் வழியாக நுழைந்தார். விசாரணை மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அண்ணே! என்ன இந்தப் பக்கம்? கேஸ் எங்க?"

சைரன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"நரம்பு டாக்டர் ரூமுக்கு எப்படிப்பா போகணும்?"