பீட்ரூட் என்று நம்பிய சிவப்பு

மலத்தில் சிவப்பை முதலில் பார்த்தபோது நான் பயப்படவில்லை. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தேன். என் மனைவி செல்வியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் எனக்கு ரைட்டர் வேலை; ஆட்களின் கணக்கை எழுதி வேலை வாங்க வேண்டும். பறித்த பழத்தைக் கொட்டும்போது பச்சைக்காய் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. நிறத்தைப் பார்த்தே பக்குவத்தைச் சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் கர்வம் உண்டு. அண்ணன் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தபின் அந்தக் கர்வம் சமையலறைக்கும் வந்தது. காய்கறிகளின் நிறமிகள் புற்றுநோயைத் தடுக்கும் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து கேரட், தக்காளி, ஊதா முட்டைக்கோஸ் என்று தட்டு நிறைய நிறம்தான். பீட்ரூட் தினமும் வேண்டும்.

பீட்ரூட்டின் நிறமி சிலருக்கு மலத்தைச் சிவப்பாக்கும். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன். இடையில் காபிப் பழம் பறிக்கும் பருவம் வந்தது. அந்த நாட்களில் கல்யாணம் என்று வந்தாலும் நான் யாருக்கும் லேசில் லீவு கொடுக்க மாட்டேன். எனக்கே எப்படிக் கொடுத்துக்கொள்வேன்? எடை குறைந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோது அதற்கும் காய்கறியைத்தான் மெச்சினேன்.

செல்விக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடையில் நல்ல பீட்ரூட் இல்லை என்று ஒரு வாரம் பொய் சொன்னாள். எட்டாம் நாள் காலையில் கேட்டாள்.

“ஏனுங்க, இன்னும் செவப்பாத்தான் போகுதுங்களா?”

“தக்காளியா இருக்கும்” என்றேன்.

“இன்னும் எத்தன காய் மேலதாங்க பழியப் போடுவீங்க? எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க. சட்டையப் போடுங்க, பஸ்ஸுக்குப் போலாம்.”

சேலத்தில் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். கட்டி இருந்தது. பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருந்தது.

“இவ்வளவு காய்கறி தின்னும் எப்படிங்க டாக்டர் வந்துச்சு?”

“தின்னது தப்பே இல்லைங்க” என்றார். “நிறமிகள் செல்களைக் காப்பாத்தலாம்னு ஆய்வுக்கூடத்துல பார்க்கறாங்க. சாப்பாட்டுல அது எவ்வளவு வேலை செய்யும்னு உறுதியாத் தெரியாது. காய்கறி ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். சோதனைக்கு அது மாற்று இல்லை. அண்ணனுக்கு வந்தப்பவே நீங்க வந்திருக்கணும்.”

அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கீமோதெரபி (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்து). ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றிக்கொண்டு மலையேறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் பை நிறைய வாந்தி. அந்த மருந்து குளிரை ஊசியாக மாற்றிவிடும். ஏற்காட்டில் குளிருக்கு எங்கே ஒளிவது? குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல்கள் துடித்தன. செல்வி எனக்குக் கைகழுவவும் வெந்நீர் வைத்தாள்.

உடன்பிறந்தவர்களுக்கும் சோதனை அவசியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை ராணி மாரமங்கலத்தில் இருக்கிறாள். என் சிகிச்சை முடிந்ததும் அவளிடம் போனேன்.

“எனக்கொண்ணும் இல்லீங்ண்ணா. ரத்தங்கூடப் போகலியே.”

“போகறதுக்கு முன்னாடியே பாக்கணும் கண்ணு. எனக்காக வா.”

வந்தாள். உள்ளே ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) இருந்தது. விட்டிருந்தால் பிற்பாடு புற்றாக மாறியிருக்கலாம் என்றார்கள். பார்த்த இடத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

அந்த மருந்தால் எனக்கு விரல் நுனிகள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் என் மாதங்கள் போகின்றன. உடம்பு ஏதாவது சொன்னால் இப்போது எதிர்த்துப் பேசுவதில்லை. காய்கறி இன்றும் சாப்பிடுகிறேன், பிடிக்கும் என்பதால்.

அன்று ராணி சோதனைக்கு உள்ளே போய் அரை மணி நேரம்கூட இருக்காது. மயக்கம் தெளிந்ததும், “இவ்வளவுதானுங்களாண்ணா?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். சந்தோஷம்தான். ஆனால் அண்ணன் போனபோதே வந்திருந்தால் எனக்கும் போதுமாக இருந்திருக்கக்கூடிய அந்த அரை மணி நேரத்தின் மேல் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.