சாவி கொடுக்காதவர்

லிங்கராஜபுரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு வண்டி எங்கள் கைக்கு வந்தால் அதை உரிமையாளரோடு சேர்ந்து ஆன்லைனில் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புது விதி வந்தது. டீலர் லைசென்ஸ் வாங்கிச் சுவரில் மாட்டினேனே தவிர, இரண்டு வண்டிகளுக்குத் தெரிவிக்காமல் தள்ளிப்போட்டிருந்தேன்.

அப்போதுதான் கார் விற்க ஒருவர் வந்தார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. நேராகப் போய் லைசென்ஸை போட்டோ எடுத்தார். ஆர்டிஓ அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

“யார் சார் நீங்க? எதுக்கு போட்டோ?”

“நிஜ லைசென்ஸான்னு பாக்கணும்ல? போன தடவை ஒரு டீலரை நம்பி சாவி குடுத்தேன். அவன் ஆர்சி புக்ல என் பேரை மாத்தவே இல்ல. அந்த வண்டி யாரையோ இடிச்சிருச்சுன்னு, பொண்ணு நிச்சயதார்த்தம் அன்னைக்கு போலீஸ் என் வீட்டு வாசல்ல நின்னாங்க” என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். “இங்க நிக்கிற வண்டிக்கெல்லாம் தெரிவிச்சிட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“ரெண்டு பாக்கி இருக்கு சார்.”

“முதல்ல அதை முடிங்க” என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று மதியமே இரண்டு உரிமையாளர்களுக்கும் போன் செய்து வரவழைத்து வேலையை முடித்தேன். மறுநாள் அவரை அழைத்தேன். வந்தார். அவருடைய வண்டிக்கான ஆர்டிஓவின் ஒப்புகை போனில் வரும்வரை சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். வந்த பிறகும் வண்டி நம்பரை இரண்டு முறை சரிபார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை.